முழு எக்சலா, தனித்தனியா? குருண் செம்மண்ணும் வண்டலூர் காரும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், குருண் பட்டணத்தைக் கடந்து வடக்கே போக இரண்டு தார்ச்சாலைகள் உண்டு. பட்டணத்தின் நடுவே போவது பழைய கூட்டரசுச் சாலை. ஒதுங்கி ஓடுவது 1994-இல் முழு நீளமும் திறக்கப்பட்ட வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை. இரண்டிலும் சேராத மூன்றாவது வகைச் சாலை ஒன்று ஜெராய் மலையடிவாரத்திலும் பீடோங், ஜெனியாங் பக்கமும் இன்னும் கிளை விரித்துக் கிடக்கிறது. ரப்பர் நிரைகளுக்கும் செம்பனை நிரைகளுக்கும் நடுவே போகும் செம்மண் தடம் அது. வெயிலில் புழுதி, மழையில் சேறு, எந்நாளும் லோரி டயர் பதித்த பள்ளம். ஒரு காரின் பின்பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கெடாவில் நெடுங்காலம் முடிவு செய்தது இந்த மூன்றாவது சாலைதான்.

கெடா 1909-இல் சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்புக்குள் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ரப்பர் தோட்டங்கள் காட்டைத் தின்றபடி வடக்கே ஏறின. 1915-இல் ரயில் அலோர் ஸ்டாரைத் தொட்டது. பினாங்கில் கப்பல் இறங்கிய தமிழர்கள் சுங்கை பட்டாணி, பீடோங், குருண் தோட்டங்களின் லயங்களில் குடியேறினார்கள். முதலில் பாரம் இழுத்தது மாட்டு வண்டி. அதன் பிறகுதான் லோரியும் துரையின் காரும் வந்தன. மாட்டு வண்டிக்கும் அந்தக் காருக்கும் பின்பக்கத்தில் ஓர் ஒற்றுமை இருந்தது. இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சின் இரு முனைகளில் இருந்தன.

போருக்குப் பின் மலாயாவின் தெருக்களை நிறைத்த ஆங்கிலேயக் கார்களில் மோரிஸ் மைனரை முதலில் சொல்ல வேண்டும். 1948-இல் வெளிவந்த அந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், முன்சக்கரங்கள் இரண்டையும் தனித்தனியாக முறுக்குக் கம்பிகளில் தாங்க வைத்தார். அந்த விலைக்கு அது அன்று துணிச்சலான வேலை. பின்பக்கம் வந்தபோது அவரும் பழைய வழிக்கே போனார்: ஒரு முழு எக்சல், அதன் நடுவே டிஃப்ரன்ஷியல் உருண்டை, இரு பக்கமும் கமான் பட்டைகள். அதே ஆண்டு அறிமுகமான லேண்ட் ரோவர் இன்னும் ஒரு படி மேலே போய், முன்னும் பின்னும் முழு எக்சலையே வைத்துக்கொண்டது. தோட்டத்துத் துரைமார் தேடிப் பிடித்து வாங்கிய வண்டி அது. ஆஸ்டின், ஹில்மேன், ஃபோர்டு ஆங்கிலியா, பிறகு ஜப்பானிலிருந்து வந்து எல்லாரையும் ஓரங்கட்டிய டாட்சன் 120ஒய் என்று வரிசையாக எதைப் புரட்டிப் பார்த்தாலும் பின்னால் முழு எக்சல்தான்.

முழு எக்சல் காவடித் தண்டு மாதிரி. ஒரு முனை ஏறினால் மறுமுனை சாயும். இடப்பக்கச் சக்கரம் ஒரு வேரில் ஏறினால் வலப்பக்கச் சக்கரமும் தரையில் சற்றே சரிகிறது, பின் சீட்டில் இருப்பவருக்கு ஒரு குலுக்கல் கிடைக்கிறது. இன்னொரு குறை எடையில் இருக்கிறது. டிஃப்ரன்ஷியல், அதன் இரும்புக் கூடு, பிரேக் டிரம், சக்கரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக மேலும் கீழும் குதிக்கின்றன. அவ்வளவு எடையும் ஒரு குழியில் இறங்கித் திரும்ப ஏறும்போது, அதைத் தணிக்க ஷாக் அப்சார்பர் படாதபாடு படுகிறது. தனித்தனி சஸ்பென்ஷனில் டிஃப்ரன்ஷியல் வண்டியின் உடலோடு நிலையாக இருக்கும். அதிலிருந்து இரண்டு அரைத் தண்டுகள் ஜாயிண்ட் வழியே சக்கரங்களுக்குப் போகும். ஒரு சக்கரம் படும் பாடு மற்றதற்குத் தெரியாது.

காகிதத்தில் தனித்தனியே ஜெயிக்கும். செம்மண்ணில் கணக்கு வேறு. முழு எக்சலில் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் இரண்டு சக்கரங்களும் நிமிர்ந்தே நிற்கும், டயர் முழு அகலத்துக்கும் தேயும். கமான் பட்டை ஸ்பிரிங் வேலையைப் பார்ப்பதோடு, எக்சல் முன்பின் நகராமல் பிடித்து வைக்கும் வேலையையும் சேர்த்தே பார்க்கும். பட்டை ஒடிந்தாலும் ஊர் போய்ச் சேரலாம். தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் அதை மாற்றப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சேசிஸுக்கு முட்டுக் கொடுத்து, நான்கு யூ-போல்ட்டுகளைக் கழற்றி, பட்டைக் கட்டை இறக்கி, நடு போல்ட்டைத் தட்டி எடுத்தால் பட்டைகள் தனித்தனியே பிரிந்து விழும். ஒடிந்ததை எடுத்துப் போட்டுவிட்டு, பழைய லோரிப் பட்டையை அளவுக்கு வெட்டி, துளையிட்டு, கிரீஸ் தடவி அடுக்கிப் பூட்டலாம். காலை பால் நிறுக்கும் நேரத்தில் ஒடிந்த வண்டி மாலையில் பட்டணத்துக்குப் போய்வந்துவிடும். இந்த வேலையைச் செய்தவர்களில் பலர் எந்தத் தொழிற்பள்ளிக்கும் போகாத தமிழ் ஃபிட்டர்களும் டிரைவர்களும்தான். ரப்பர் ஆலையின் உருளை இயந்திரத்தைப் பழுதுபார்த்த அதே கை, துரையின் காரையும் பார்த்தது.

1950-களின் பிற்பகுதியில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது இந்தக் கைகளில் பல, பட்டணத்து ஒர்க்‌ஷாப்புகளுக்கும் லோரிகளுக்கும் நகர்ந்தன. துண்டாடலுக்கு எதிராக அன்றைய ம.இ.கா. தலைவர் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டமும் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம்தான். அது தனி வரலாறு. இங்கே வேண்டியது இவ்வளவே: கெடாவின் சாலையோர மெக்கானிக்குகள் கற்றுக்கொண்ட முதல் பாடம் முழு எக்சல்.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் ஒரு கார்த் தொழிற்சாலை எதிர்த்திசையில் நடந்து பார்த்தது. நடந்து பார்த்துவிட்டுத் திரும்பியும் வந்தது. பின் எக்சலை மாற்றலாமா வேண்டாமா என்று தலையைச் சொறியும் எவருக்கும் இதைவிட நல்ல பாடம் தமிழ் மண்ணில் கிடையாது.

சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்–பெருங்களத்தூர்ப் பக்கம், ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் இருந்தது. சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் கைகோத்து 1948-இல் தொடங்கியது. வேன்கார்ட், எய்ட், டென், பென்னன்ட் என்று சில கார்களைப் பூட்டி விற்ற பின், 1961-இல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பதிப்பு. இத்தாலியரான ஜொவானி மிக்கலாட்டி வரைந்த கூர்மையான உடல், 948 சிசி எஞ்சின், சிறிய சந்திலும் திரும்பிவிடும் ஸ்டீயரிங். முன்பக்கம் முழுவதும் மூக்கோடு சேர்த்துத் தூக்கித் திறந்தால் எஞ்சின், சக்கரம், சஸ்பென்ஷன் எல்லாம் கைக்கெட்டும். மெக்கானிக் முன்டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

அன்றைய இந்தியாவில் கார் என்றால் மூன்றே மூன்று: அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. முதல் இரண்டிலும் பின்னால் கமான் பட்டையில் முழு எக்சல். ஹெரால்டில் மட்டும் தனித்தனி சஸ்பென்ஷன். அந்த வகையில் வண்டலூரிலிருந்து வந்த கார் மற்ற இரண்டையும்விட ஒரு தலைமுறை முந்தியது. விளம்பரத்துக்கும் அது பயன்பட்டது.

ஆனால் ஹெரால்டின் தனித்தனி சஸ்பென்ஷன் செலவைச் சுருக்கிச் செய்தது. டிஃப்ரன்ஷியலைச் சேசிஸில் பூட்டி, அதன் தலையில் குறுக்காக ஒரே ஒரு கமான் பட்டையை வைத்து, பட்டையின் இரு நுனிகளிலும் இரண்டு சக்கரங்களை மாட்டினார்கள். அரைத் தண்டுகளுக்கு உள்முனையில் மட்டும் ஆளுக்கொரு ஜாயிண்ட். வெளிமுனையில் இல்லை. அதனால் சக்கரம் மேலே போனாலும் கீழே வந்தாலும் தண்டோடு சேர்ந்து சாய்ந்தே ஆக வேண்டும். ‘ஸ்விங் எக்சல்’ என்று சொல்லப்படும் அமைப்பு இது. அன்றைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலிலும், மெர்சிடிஸிலும், அமெரிக்காவின் ஷெவ்ரலே கோர்வேரிலும் இதன் வெவ்வேறு வடிவங்கள் இருந்தன.

ஓட்டுநர் தனியாக இருக்கும்போது ஹெரால்டு வளைவில் வேகமாகத் திரும்பினால், வெளிப்பக்கப் பின்சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கப் பார்க்கும், பின்பக்கம் மேலெழும்பும். வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னும் மோசம். கோர்வேரின் இதே குணத்தைத்தான் ரால்ஃப் நேடர் 1965-இல் வெளியிட்ட நூலில் முதல் அத்தியாயமாக வைத்து அமெரிக்கக் கார் முதலாளிகளை உலுக்கினார். ஆனால் 948 சிசியில் ஓடும் ஒரு காரைச் சென்னையின் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் அந்த அளவுக்கு விரட்டிச் சறுக்கவிடுவது சுலபமல்ல. நம் ஊர்ச் சிக்கல் நேர்மாறானது. நான்கு பேருக்கான காரில் ஏழு பேர், பூட் நிறைய மூட்டை, கூரையில் பெட்டி. பாரம் இறங்க இறங்கச் சக்கரங்களின் தலை உள்ளே சாயும், கால் வெளியே விரியும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து நூல் தெரியும், வெளிப்பக்கம் பார்த்தால் புதிது போலவே இருக்கும். கல்யாண வீட்டிலிருந்து திரும்பும் ஹெரால்டைப் பின்னாலிருந்து பார்த்தாலே உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிடலாம்.

மெக்கானிக்கின் வேதனை வேறு. குறுக்குப் பட்டையைக் கழற்ற, பின் சீட்டுப் பக்கத்தில் வண்டிக்குள் இருக்கும் ஒரு மூடியைத் திறந்து, மேலிருந்து கை விட வேண்டும். பின்சக்கர ஹப் சரிவான தண்டில் இறுகிப் பிடித்திருக்கும். அதை இழுத்தெடுக்கக் கனமான தனிப் புல்லர் வேண்டும். அது இல்லாத இடத்தில் சுத்தியலை எடுத்தால் தண்டின் நுனி பூப்போல விரிந்துவிடும். அதற்கும் வெளியே ட்ரன்னியன், அதன் புஷ், ஆரக்கை, அதற்கொரு புஷ். அம்பாசடரின் பின்பக்கத்தில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. விழுப்புரத்தில் நிற்கும் ஹெரால்டுக்கு உதிரி பாகம் சென்னையிலிருந்து வர வேண்டும். அம்பாசடருக்கோ பெட்டிக்கடைக்குப் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும்.

இங்கிலாந்தில் டிரையம்ஃப் காரர்களுக்கும் இந்தத் தலைவலி இருந்தது. அவர்கள் முன்னோக்கிப் போனார்கள். ஹெரால்டின் சேசிஸிலேயே பெரிய எஞ்சின் வைத்த விட்டெஸ், ஜிடி6 கார்களுக்கு 1968-இல் கீழே ஒரு விஷ்போனும் அரைத் தண்டுக்கு ஒரு ரப்பர் ஜாயிண்டும் சேர்த்துச் சாய்வைக் கட்டுப்படுத்தினார்கள். ஸ்பிட்ஃபயருக்கு 1970-இல் மலிவான வழி கண்டார்கள்: குறுக்குப் பட்டையின் அடுக்குகளில் ஒன்றை மட்டும் டிஃப்ரன்ஷியலோடு இறுக்கி, மற்றவற்றை நடுவில் ஊஞ்சலாட விட்டார்கள். வளைவில் வண்டி சாயும்போது பட்டை அதிகம் எதிர்க்காது, பள்ளத்தில் முழுதாக எதிர்க்கும். சின்ன மாற்றம், புத்திசாலித்தனமான மாற்றம்.

வண்டலூர் பின்னோக்கிப் போனது. ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு உடலை ஏற்கெனவே செய்து பழகியிருந்த அந்தத் தொழிற்சாலை, 1972-இல் ஸ்டாண்டர்ட் கெஸல் என்ற புதிய பெயரில் ஒரு காரை இறக்கியது. எஞ்சின் அதே பழைய 948 சிசி. உடல் ஹெரால்டிலிருந்து வந்ததுதான், முகம் மட்டும் மாறியது. உண்மையான மாற்றம் அடியில். ஸ்விங் எக்சலைத் தூக்கி எறிந்துவிட்டு முழு எக்சலைப் பொருத்தினார்கள். வாங்குபவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பழைய அமைப்பு பிடிக்கவில்லை என்பதே காரணம்.

உலகம் முழுவதும் முழு எக்சலிலிருந்து தனித்தனிக்கு மாறிக்கொண்டிருந்தபோது, ஒரு தொழிற்சாலை தனித்தனியிலிருந்து முழு எக்சலுக்கு மாறியதைப் பிற்போக்கு என்று சொல்லலாம். சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் மட்டமான தனித்தனியைவிட நல்ல முழு எக்சல் மேல் என்பதை அந்தப் பொறியாளர்கள் சரியாகவே கணித்தார்கள். அவர்கள் தவறவிட்டது வேறு இடத்தில். எஞ்சின் பழையது, விலை அதிகம், உற்பத்தி குறைவு. 1977-வாக்கில் கெஸல் நின்றுபோனது. உரிமத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொற்ப எண்ணிக்கையில் செய்து வந்தார்கள் என்று பேச்சும் உண்டு.

அந்தத் தொழிற்சாலையின் கடைசிக் காருக்கும் இதே கேள்வி ஒட்டிக்கொண்டு வந்தது என்பது வேடிக்கை. 1985-இல் வெளிவந்த ஸ்டாண்டர்ட் 2000, இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1-இன் உடலில் பழைய 1,991 சிசி எஞ்சினை வைத்தது. ரோவரின் முந்தைய பெரிய காரான பி6-இல், டிஃப்ரன்ஷியலை உடலோடு கட்டி, சக்கரங்களை மட்டும் ஒரு குழாயால் இணைக்கும் டி டியோன் அமைப்பு இருந்தது. 1976-இல் எஸ்டி1 செய்தபோது ரோவரே அதைக் கைவிட்டு முழு எக்சலுக்கு இறங்கிவந்தது. செலவு குறைந்தது, ஓட்டமும் கெடவில்லை. 1977-ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கார் விருது அதற்குத்தான் கிடைத்தது. சென்னையில் அதன் வாரிசு 1988-இல் தொழிற்சாலையோடு சேர்ந்து மூடப்பட்டது. இந்தத் தடவை பின் எக்சல் மீது யாரும் பழி போடவில்லை. கனமான உடலை இழுக்கத் திணறிய எஞ்சினும் பெட்ரோல் செலவுமே போதுமாக இருந்தன.

டிரையம்ஃபின் இன்னொரு கார் இந்தக் கேள்வியை வாங்குபவரிடமே விட்டுவிட்டது. 1965-இல் வந்த டிஆர்4ஏ ஸ்போர்ட்ஸ் கார், புதிய சேசிஸும் தனித்தனி பின் சஸ்பென்ஷனுமாகச் செய்யப்பட்டது. அமெரிக்க விற்பனையாளர்களோ விலை ஏறும் என்று முகம் சுளித்தார்கள். தனித்தனிக்காகவே வரைந்த சேசிஸில் கமான் பட்டைக்கு இடம் ஒதுக்கி, முழு எக்சலோடும் அதே காரை விற்க வேண்டியதாயிற்று. பின்னால் ‘ஐஆர்எஸ்’ என்ற எழுத்துகள் ஒட்டியிருந்தால் தனித்தனி, இல்லாவிட்டால் முழு எக்சல். அதே அமெரிக்காவில் வேறொரு கூட்டம், ஜாகுவார் 1961-இல் அறிமுகப்படுத்திய தனித்தனி பின்பகுதியை அதன் சட்டத்தோடு கழற்றிக்கொண்டுபோய்ப் பழைய ஃபோர்டுகளின் அடியில் பொருத்திக்கொண்டிருந்தது. பிரேக் தட்டுகள் சக்கரத்தில் இல்லாமல் டிஃப்ரன்ஷியலை ஒட்டியே இருந்த அந்தத் தொகுப்பு, கைவேலைக்காரர்களின் கனவுப் பொருள் ஆகிவிட்டது.

கெடாவுக்குத் திரும்பினால், இங்கே தனித்தனி சஸ்பென்ஷனைச் சாதாரண சனங்களுக்கு முதலில் அறிமுகப்படுத்தியவை டாக்சிகள். அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, பட்டர்வொர்த் என்று ஊருக்கு ஊர் ஓடிய கறுப்பு–மஞ்சள் டாக்சிகளில் மெர்சிடிஸ் டீசல்கள் நிறைய. ஆள் சேர்ந்ததும் புறப்படும், சீட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம். 190டி காலத்து மெர்சிடிஸிலும் ஸ்விங் எக்சல்தான், ஆனால் நன்றாகச் செய்தது. இரண்டு தண்டுகளும் டிஃப்ரன்ஷியலுக்குக் கீழே ஒரே மையத்தில் அசையும்படி வைத்திருந்ததால் சாய்வு குறைவு. 1968-இல் வந்த அடுத்த தலைமுறையில் அதையும் விட்டு, சாய்வாக வைத்த டிரெய்லிங் ஆர்முக்கு மாறினார்கள். சாலையும் சீரானது, ஓட்டுநருக்கும் ஒரே வழித்தடம், பழுதுபார்ப்பவரும் தெரிந்தவர். தனித்தனி சஸ்பென்ஷன் வாழத் தேவையான சூழல் அது. அதே டாக்சியைத் தோட்டத்து உள்சாலைக்கு அழைத்தால் ஓட்டுநர் முகம் கோணும்.

ஒரே காருக்கு இரண்டு பதிலும் சரி என்று காட்டியது பேஷோ 504. இதுவும் 1968. செடானில் பின்பக்கம் தனித்தனி, சோபாவில் உட்கார்ந்த சுகம். அதே காரின் ஸ்டேஷன் வேகனில் முழு எக்சல், பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு சுருள் ஸ்பிரிங். ஆளைச் சுமக்க ஒன்று, மூட்டையைச் சுமக்க ஒன்று. ஆப்பிரிக்காவில் கிராமத்து டாக்சியாக வாழ்ந்தது பெரும்பாலும் அந்த வேகன்தான். நைஜீரியாவின் கடுனாவிலும் கென்யாவிலும் 504 கட்டப்பட்டது. டாட்சன் 510-இலும் இதே பிரிவினை உண்டு: செடானில் தனித்தனி, வேகனில் கமான் பட்டை. இந்த இரண்டு நிறுவனங்களும் ஒரே முடிவுக்கு வந்ததைத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

பேஷோ என்ற பெயர் குருணுக்கு அந்நியமல்ல. 1990-களின் நடுவில் மொடெனாஸ் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இங்கே வந்தது. 1996-இல் கிரிஸ் வண்டி வெளிவந்ததும், தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளின் முதல் சொந்த வாகனம் பல வீடுகளில் அதுவாகவே இருந்தது. பிறகு நாசா நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலை. கொரியாவின் கியா கார்களும் பிரான்ஸின் பேஷோ கார்களும் ஜெராய் மலையைப் பார்த்தபடி பூட்டப்பட்டன. ரப்பர் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் டார்க் ரெஞ்சைப் பிடித்தார்கள்.

அங்கே பூட்டப்பட்ட முதல் தலைமுறைக் கியா சொரெண்டோவில் தனிச் சேசிஸ், பின்னால் ஐந்து கம்பிகள் பிடிக்கும் முழு எக்சல். 2006-இல் வந்த நாசா 206 பெஸ்தாரியோ தனித்தனி. முன்சக்கரம் இழுக்கும் கார் என்பதால் பின்னால் டிஃப்ரன்ஷியலே இல்லை. குறுக்கே ஒரு குழாய், அதன் இரு முனையிலும் ஊசி பேரிங்கில் சுழலும் கைகள், ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குக் கம்பிகள். இடத்தை மிச்சப்படுத்தும் அழகான வடிவம். தண்ணீர் புகுந்தால் மட்டும் ஊசி பேரிங் துருப்பிடித்துக் குழாயை அரித்துவிடும். சக்கரங்களின் தலை உள்ளே சாயத் தொடங்கும். ஹெரால்டுக்கு வந்த அதே தோற்றம், வேறு நோய். ஒரு பேரிங்கை மட்டும் மாற்றி முடிகிற வேலையல்ல, பல நேரம் முழுத் தொகுப்பையே மாற்ற வேண்டியிருக்கும். மழை நாட்டில் இந்தக் காரை வைத்திருப்பவர்கள் பின்சக்கரத்தை அடிக்கடி குனிந்து பார்ப்பது நல்லது.

அதே தொழிற்சாலையில் பின்னர் பூட்டப்பட்ட பேஷோ 408-இல் டார்ஷன் பீம். இரண்டு சக்கரங்களையும் இணைப்பது, முறுகிக்கொடுக்கும் ஒரு குறுக்குச் சட்டம். முழுமையான தனித்தனியும் அல்ல, பழைய எக்சலும் அல்ல. முன்சக்கரம் இழுக்கும் கார்களின் காலத்தில் பழைய சண்டை இந்தச் சட்டத்தில் வந்து சமாதானம் ஆனது. புரோட்டோன் இதற்கு நல்ல சாட்சி. 1993-இன் வீராவிலும் 2000-இன் வாஜாவிலும் 2007-இன் பெர்சோனாவிலும் பின்பக்கம் மல்ட்டிலிங்க் தனித்தனி. 2016-இல் வந்த புதிய பெர்சோனாவில் டார்ஷன் பீம். தனித்தனி போய்விட்டதே என்று ஷோரூமில் குறைப்பட்டவர்கள் மிகக் குறைவு. பூட் பெரிதாக இருக்கிறதா என்பதே கேள்வி. அதே சமயம் 2019-இல் பெரோடுவா அருஸ், ஏழு பேர் ஏறும் வண்டிக்குப் பின்சக்கர ஓட்டமும் முழு எக்சலும் வைத்து வந்தது. குடும்பம், சாமான், மேட்டுப்பாதை என்று ஒரே நாளில் மூன்றையும் சுமப்பவர்களுக்கு அது பொருந்துகிறது.

குருண் கார்த் தொழிற்சாலை இப்போது பேஷோவின் தாய் நிறுவனமான ஸ்டெலாண்டிஸ் கையில். அவர்கள் இங்கே கட்டத் தேர்ந்த சீனத்து லீப்மோட்டர் சி10 மின்சாரக் காரில் மோட்டார் பின்பக்கம் இருக்கிறது. உடலோடு பூட்டிய மோட்டார், அதிலிருந்து இரண்டு அரைத் தண்டுகள், பல கம்பிகள் பிடிக்கும் தனித்தனி சக்கரங்கள். கனமான மோட்டாரை எக்சலோடு சேர்த்துக் குதிக்க விடுவது யாருக்கும் பிடிக்காத வேலை என்பதால், மின்சாரக் கார்களில் இந்த விவாதம் எழுவதே அரிது.

எழுவது பழைய கார்களில்தான். வடமலேசியாவில் இன்று இந்தக் கேள்வியை உண்மையாகவே கேட்பவர்கள் டாட்சன் 120ஒய், டொயோட்டா கேஇ70 கொரோலா வைத்திருக்கும் இளைஞர்கள். தாத்தா ஓட்டிய காரைத் தூக்கி நிறுத்தி, ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் ‘ஹாஃப் கட்’ வண்டிகளின் பின்பகுதியை அடியில் வைக்கலாமா என்று அளந்து பார்க்கிறார்கள். டேப்பைப் பிடித்தவுடன் சிக்கல்கள் வரிசைகட்டும். கமான் பட்டை மாட்டியிருந்த இடங்கள் மேல்நோக்கியும் முன்பின்னாகவும் வரும் விசைக்குச் செய்தவை. தனித்தனி தொகுப்பின் சட்டமோ வேறு நான்கு இடங்களில் தொங்கும். அங்கே பழைய காரின் தரைத்தகடு மெலிது, துருவும் இருக்கும். சக்கர அகலம் ஒத்துப்போக வேண்டும். கியர் விகிதம் பழைய எஞ்சினுக்குப் பொருந்த வேண்டும். ஓடும் தண்டின் நீளத்தை மாற்றி மறுபடி சமன் பார்க்க வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிள், எக்சாஸ்ட் குழாய், பெட்ரோல் டாங்க் மூன்றுமே வழியில் நிற்கும். இவ்வளவும் முடிந்த பிறகு, வண்டியின் கட்டமைப்பை மாற்றியதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் பரிசோதனையும் பாக்கி.

கேஇ70-க்கு இதில் ஒரு சலுகை உண்டு. அதன் செடானில் கமான் பட்டை இல்லை, நான்கு கம்பியும் சுருள் ஸ்பிரிங்கும் பிடிக்கும் முழு எக்சல். உலகமே கொண்டாடும் ஏஇ86-இலும் அதே ஏற்பாடுதான், அது தனித்தனி இல்லாமலேயே மலைச்சாலைகளில் பெயர் வாங்கியது. எனவே விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் காசை வேறு இடத்தில் போடச் சொல்கிறார்கள்: நாற்பது வருடம் காய்ந்த ரப்பர் புஷ்களை முழுவதும் மாற்று, நல்ல ஷாக் அப்சார்பர் போடு, எக்சலைப் பக்கவாட்டில் பிடிக்கும் பான்ஹார்ட் கம்பியைச் சரியான நீளத்துக்கு வை, முடிந்தால் பின்னால் டிஸ்க் பிரேக். இந்த நாலும் முடிந்து காரை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகும் திருப்தி இல்லை என்றால், வெல்டிங் ஆளைக் கூப்பிடலாம்.